பேக்கப்பும் அதே கம்பியில் தொங்கினால்?



ஜூன் பிறந்துவிட்டது. இனி நவம்பர் முடிய அட்லாண்டிக் புயல் பருவம். நியூ ஜெர்சியிலும் ஹியூஸ்டனிலும் இருப்பவர்கள் ஒரு கண்ணை வானத்தின் மேலேயே வைத்திருக்க வேண்டும். பே ஏரியாவில் மலைப்புல் காய ஆரம்பித்தாச்சு, காட்டுத்தீ பயமும் வந்தாச்சு. வழக்கம்போல நம் வாட்ஸப் குழுக்களில் பட்டியல்கள் சுற்றுகின்றன: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர், டார்ச், பேட்டரி, பவர் பேங்க், மாத்திரைகள், பாஸ்போர்ட் நகல். நல்ல பட்டியல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "எந்த ஜெனரேட்டர் வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்டால் நாள் முழுக்கப் பதில் வருகிறது. "பக்கத்து அபார்ட்மெண்டில் ஆக்ஸிஜன் மிஷினோடு ஒரு தாத்தா இருக்காரே, அவருக்கு என்ன வழி?" என்று இதுவரை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

நான் பிழைப்புக்குப் பார்ப்பது சர்வர் வேலை. ஒன்று விழுந்தால் இன்னொன்று, அதுவும் விழுந்தால் மூன்றாவது என்று அடுக்கடுக்காக மாற்று ஏற்பாடு செய்துவைப்பதுதான் எங்கள் சம்பளத்துக்கான வேலையில் பாதி. அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கும் கேள்வி ரொம்ப எளியது: "சரி, இது எதன் மேல் நிற்கிறது?" இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இணைய இணைப்பு வாங்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். இரண்டு கேபிளும் தெருவில் ஒரே பள்ளத்தில் போகும். ஒரு நாள் யாராவது ஜேசிபி வைத்துத் தோண்டினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். எண்ணிக்கையில் இரண்டு, உண்மையில் ஒன்று.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாம் வாழும் மூன்று இடங்களையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

டெக்சஸிலிருந்து தொடங்குவோம். 2021 பிப்ரவரி நடுவில் வந்த பனிப்புயலில், உச்ச நேரத்தில் சுமார் 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்ட் இல்லை. மாநில சுகாதாரத் துறையின் இறுதிக் கணக்கின்படி இறந்தவர்கள் 246 பேர். குளிரில் விறைத்து இறந்தவர்கள் உண்டு. காரை கராஜுக்குள் ஓடவிட்டும் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியும் குளிர் காய்ந்து, கார்பன் மோனாக்ஸைடில் மூச்சு நின்றவர்களும் உண்டு.

டெக்சஸின் மின் கட்டமைப்பில் பெரும்பகுதி, நாட்டின் மற்ற இரண்டு பெரிய கட்டமைப்புகளோடு சேராமல் தனியாக நிற்கிறது. ஃபெடரல் கட்டுப்பாடு வேண்டாம் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே கம்பெனிகள் எடுத்த முடிவு அது. ஆகவே பக்கத்து மாநிலங்களிடம் கரண்ட் கடன் வாங்கும் வழி கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. சரி, உள்ளேயாவது மாற்று இருந்ததா? எரிவாயு மின்நிலையங்களைத்தான் நம்பியிருந்தார்கள். எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் குளிரில் உறைந்தன. அதோடு இன்னொரு கூத்தும் நடந்தது. வாயுவைக் குழாயில் தள்ளும் கம்ப்ரஸர்களில் பல கரண்டில் ஓடுபவை. "இந்த இடத்துக்கு மின்வெட்டு கூடாது" என்று அவற்றில் பலவற்றைப் பதிவு செய்திருக்கவே இல்லை. மின்வெட்டு வந்ததும் அவையும் நின்றன. வாயு குறைந்தது, வாயு குறைந்ததால் மின்நிலையங்கள் நின்றன, அதனால் மின்வெட்டு இன்னும் கூடியது. நாய் தன் வாலைத் துரத்தின கதை.

பிப்ரவரி 15 அதிகாலையில் மொத்த கட்டமைப்பும் விழ ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சமிருந்தது என்று அதை நடத்தும் எர்காட் அமைப்பே பிறகு சொன்னது. அப்படி விழுந்திருந்தால் மறுபடி எழுப்புவதற்கென்றே 28 'பிளாக் ஸ்டார்ட்' மின் யூனிட்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. பேக்கப்புக்கும் பேக்கப். ஃபெடரல் விசாரணையில் தெரிந்தது என்ன? அந்தப் புயல் நாட்களில் அவற்றிலும் பெரும்பாலானவை பழுதாகவோ முழுத் திறனில் ஓட முடியாமலோ கிடந்தன. அதே குளிர், அதே வாயுக்குழாய்.

இது யாருக்கும் தெரியாத ஆபத்து இல்லை. 2011 பிப்ரவரியிலும் இதே மாதிரி குளிர் வந்தது, மின்வெட்டு வந்தது, நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று ஃபெடரல் அறிக்கையும் வந்தது. கட்டாயம் இல்லை என்பதால் பலர் செலவு செய்யவில்லை. அதே மாநிலத்தின் எல் பாசோ நகரம் மேற்குக் கட்டமைப்போடு இணைந்தது. 2011-க்குப் பிறகு அங்கே பணம் போட்டுச் சரி செய்தார்கள். 2021-இல் எல் பாசோவில் சில ஆயிரம் பேருக்கு மட்டும் கொஞ்ச நேரம் கரண்ட் போய் வந்தது. எல் பாசோவின் மின் கம்பெனியும் தனியார்தான். ஆனால் வெளியிலிருந்து கரண்ட் வர வழி இருந்தது, செய்யவேண்டிய செலவையும் செய்திருந்தார்கள்.

இப்போது கிழக்கே வருவோம். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூ ஜெர்சி கரையைக் கடந்தது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் கரண்ட் இல்லை. அப்போது இங்கே இருந்த தோழர்களுக்கு பெட்ரோல் வரிசை மறந்திருக்காது. பல பங்க்குகளில் தரைக்கடியில் டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தது, மேலே ஏற்ற பம்ப்புக்குக் கரண்ட் இல்லை. நவம்பர் 3-ஆம் தேதி முதல் 12 மாவட்டங்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்து பெட்ரோல் போட்டார்கள். வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்தவரும் கையில் கேனோடு அதே வரிசையில்தான் நின்றார். அவருடைய பேக்கப் நின்றது பெட்ரோல் பங்க்கின் மேல், பங்க் நின்றது கரண்டின் மேல்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் மேல்தளங்களில் பத்திரமாக இருந்தன. எரிபொருளை மேலே அனுப்பும் அமைப்பு அடித்தளத்தில் இருந்தது, வெள்ளம் அங்கே புகுந்தது. 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் உட்பட, இருட்டுப் படிக்கட்டு வழியாகக் கீழே இறக்கினார்கள். பக்கத்திலிருக்கும் பெல்வியூ அரசு மருத்துவமனையிலும் பம்ப் மூழ்கியது. அங்கே ஊழியர்களும் தேசியக் காவல்படையினரும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி 13-ஆவது மாடிக்கு எரிபொருள் சுமந்தார்கள். கடைசியில் வேலை செய்த பேக்கப் மனிதக் கைகள்தான். அதுவும் நோயாளிகளை வெளியேற்றும் வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது.

பே ஏரியாவின் கதையில் புயல்கூட இல்லை. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரை எரித்து 85 பேரைக் கொன்ற தீ, பிஜி அண்ட் ஈ நிறுவனத்தின் ஏறக்குறைய நூறு வயதான மின்பாதையில் தேய்ந்துபோன ஒரு கொக்கி அறுந்ததில் தொடங்கியது. 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை 2020-இல் அந்த நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இடையில், 2019 அக்டோபரில், கம்பிகள் மறுபடி தீ மூட்டாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த உபாயம் கரண்டையே நிறுத்துவது. லட்சக்கணக்கான இணைப்புகளை நாட்கணக்கில் நிறுத்தினார்கள். லேண்ட்லைனை எப்போதோ எடுத்துவிட்ட வீடுகளில் வைஃபை போச்சு. "செல்போன் இருக்கே" என்றால், டவருக்கும் கரண்ட் வேண்டுமே? மரின் மாவட்டத்தில் ஒரு கட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட டவர்கள் செத்துக் கிடந்தன. தீ எச்சரிக்கையே செல்போனில்தான் வரும் என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

இதெல்லாம் எப்போதோ ஒருமுறை வரும் பேரிடர் என்று தோன்றலாம். அன்றாட வாழ்க்கையிலும் நம்மில் பலர் ஒரே பள்ளத்தில்தான் எல்லாக் கேபிளையும் புதைத்து வைத்திருக்கிறோம். எச்-1பி விசாவில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வேலையிலிருந்து வருகிறது, மருத்துவக் காப்பீடும் அங்கிருந்தே. தங்கும் உரிமை அதே வேலையின் மேல் நிற்கிறது. வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி, மனைவியோ கணவரோ எச்-4-இல் இருந்தால் அவருடைய விசா, எல்லாமே அதன் மேல். ஒரு வெள்ளிக்கிழமை ஹெச்ஆர் மின்னஞ்சல் வந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆடும். வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். கோப்ரா மூலம் காப்பீட்டைத் தொடரலாம்தான், ஆனால் முன்பு கம்பெனி கட்டிய பங்கையும் சம்பளமே இல்லாதவர் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட குடும்பத்திடம் போய் "ஆறு மாதச் செலவுக்குச் சேமித்து வையுங்கள்" என்று அறிவுரை சொல்பவர், சேமிப்பு தீருமுன் விசா தீர்ந்துவிடும் என்பதை யோசித்திருக்க மாட்டார். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மா, பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் மாணவர், அகதி வழக்கு முடியக் காத்திருக்கும் ஈழத்துத் தோழர், இவர்கள் நிலைமை இதைவிட மெல்லிசு.

ஆக, அடுக்குகளை எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு தரையில் நிற்கிறதா என்று பார்க்கணும். என் கணக்கில் மூன்று தரைகள் உண்டு: வீடு, தெரு, பொது.

முதலில் வீடு. பட்டியலில் இருப்பதை வாங்கி வையுங்கள், அதற்கு அரசியல் பேசத் தேவையில்லை. கூடச் சில விஷயங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கவே வைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் கரண்ட் போன உடனே பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாத அறையில் 28 நாள் வரை தாங்கும், உங்கள் மருந்துக்கு எப்படி என்று மருந்தாளரிடம் இன்றே கேட்டுவையுங்கள். முக்கியமான பத்து ஃபோன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கரண்டில் ஓடும் மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால், கலிஃபோர்னியாவில் 'மெடிக்கல் பேஸ்லைன்' திட்டத்தில் பதியுங்கள். டெக்சஸிலும் மருத்துவர் கையெழுத்தோடு பதியலாம், ஆனால் அந்தப் பதிவு கரண்ட் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தெரு. நாம் ரொம்பப் பலவீனமாக இருப்பது இங்கேதான், செலவும் இங்கேதான் குறைவு. 2019 மின்நிறுத்தத்தின்போது கிழக்கு ஓக்லாந்தில் ஸ்டேசி மில்பர்னும் தோழர்களும் நடத்திய 'டிஸெபிலிட்டி ஜஸ்டிஸ் கல்ச்சர் கிளப்' என்ன செய்தது தெரியுமா? கரண்ட் இருக்கும் வீடுகளையும், சுவாசக் கருவிக்கும் மருந்து குளிர்ச்சிக்கும் கரண்ட் தேவைப்பட்ட மாற்றுத்திறனாளிகளையும் இணைத்தது. பெரிய கம்பெனிக்கு வராத யோசனை, சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு வந்தது. ஏனென்றால் கரண்ட் போனால் யார் முதலில் சாவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சாண்டிக்குப் பிறகு 'ஆக்குபை சாண்டி' தோழர்கள் புரூக்ளின் சர்ச்சுகளில் சமையற்கூடமும் கிடங்கும் நடத்தினார்கள். அமேசானின் கல்யாணப் பரிசுப் பட்டியலையே நிவாரணப் பட்டியலாக மாற்றிப் போர்வையும் பம்ப்பும் வரவழைத்தார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகுகளோடு நகருக்குள் வந்தார்கள். குப்பம் என்று முகம் சுளித்த தெருக்களில் வீட்டு வாசல் வரை வந்து ஆட்களை ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 1990-க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமும் இல்லை, எரிபொருளுக்கும் தடை. அங்கிருந்து வந்த தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றிக் கேட்ட வானொலி என்று சொல்வார்கள். பெடலைச் சுற்ற ஒரு வீட்டுப் பையன், செய்தி கேட்கத் தெருவே கூடும்.

அந்த அறிவு இங்கே வந்ததும் நமக்கு எங்கே போச்சு? நம் வலைப்பின்னல்கள் எல்லாம் மொழி, ஊர், கல்லூரி, பேச்சில் வராத சாதி என்றுதான் பின்னப்பட்டிருக்கின்றன. பிளானோவில் இருக்கும் கல்லூரித் தோழர் ஹியூஸ்டனில் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர முடியாது. சாலை மூடியிருக்கும். கொண்டுவரக்கூடியவர் எதிர் வீட்டு மெக்ஸிகோ அம்மாவும் மாடியில் இருக்கும் குஜராத்தி மாமாவும்தான். அவர்கள் பெயர் தெரியுமா? பிள்ளையின் பள்ளியில் அவசரத் தொடர்புப் பட்டியலில் நீங்களும் துணைவரும் தவிர மூன்றாவது பெயர் இருக்கிறதா? பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் பள்ளிகள் பொதுவாகப் பிள்ளையை அனுப்பாது. பெற்றோர் இருவரும் வெள்ளத்தில் சாலையில் மாட்டினாலும் சரி, குடியேற்ற அதிகாரிகள் பிடித்து வைத்தாலும் சரி, அந்த மூன்றாவது பெயர்தான் பேக்கப்.

மூன்றாவது பொது. "தெருவே பார்த்துக்கொள்ளும், அரசு எதற்கு?" என்று சிலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஆக்குபை சாண்டி ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. ஆனால் 400-க்கும் மேற்பட்ட பொதுக் குடியிருப்புக் கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டையும் ஹீட்டரையும் அதனால் ஓடவைக்க முடியவில்லை. அதற்கு அரசின் பணமும் பொறுப்பும் வேண்டும். பொது ஏற்பாட்டைத் தனியார் லாபத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹியூஸ்டனைப் பாருங்கள். 2021-க்குப் பிறகு சென்டர்பாயின்ட் நிறுவனம் சுமார் 80 கோடி டாலருக்கு நடமாடும் ஜெனரேட்டர்களைக் குத்தகைக்கு எடுத்தது, செலவு வாடிக்கையாளர் பில்லில் ஏறியது. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து 22 லட்சம் இணைப்புகள் இருண்டபோது, அவற்றில் பெரிய ஜெனரேட்டர்கள் ஒன்றுகூடப் பயன்படவில்லை, நகர்த்தவே நாளாகுமாம். எந்த ஏரியாவில் கரண்ட் இருக்கிறது என்று காட்டும் அவர்களுடைய வரைபடமும் வேலை செய்யவில்லை. மக்கள் வாட்டபர்கர் ஆப்பைத் திறந்து, எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பார்த்து, கரண்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சிரிப்பாகத்தான் இருக்கு, பில் கட்டும் வரைக்கும்.

காசிருப்பவர் கூரையில் சோலார், கராஜில் பெரிய பேட்டரி என்று ஒதுங்கிக்கொள்ளும்போது, பொதுக் கம்பியைச் சரி செய்யக் கேட்கும் குரல்களில் சத்தமான ஒன்று குறைகிறது. பேட்டரி வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்கிவிட்டு மின் ஆணையக் கூட்டத்துக்கும் வாருங்கள் என்கிறேன். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2021-க்குப் பிறகு டெக்சஸ் சட்டமன்றம் மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. தீ அபாயம் அதிகமான பகுதிகளில் செல் டவர்களுக்கு 72 மணி நேர பேக்கப் கரண்ட் வேண்டும் என்று கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2020-இல் விதித்தது. லேண்ட்லைன் தரும் பொறுப்பிலிருந்து விலக ஏடி அண்ட் டி கேட்டபோது, மக்கள் விசாரணைக் கூட்டங்களில் எழுந்து நின்று "மலையில் எனக்கு அது ஒன்றுதான் இருக்கு" என்ற பொருளில் பேசினார்கள். 2024 ஜூனில் ஆணையம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. சான்டா கிளாராவில் மின் நிறுவனம் நகரத்துக்கே சொந்தம். பக்கத்து சன்னிவேலில் பிஜி அண்ட் ஈக்குக் கட்டும் தோழர்கள் இரண்டு பில்லையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். விசாவை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவதும் மருத்துவக் காப்பீட்டை வேலையோடு கட்டிப்போடுவதும் இதே மாதிரி மாற்றக்கூடிய சட்டங்கள்தான். சங்கமாகச் சேர்ந்து கேட்காமல் அவை மாறாது.

இந்த மாதம் ஒவ்வொரு தோழரிடமும் மூன்று காரியம் கேட்கிறேன். உங்கள் பேக்கப் ஒவ்வொன்றும் எதன் மேல் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் அங்கே வட்டமிடுங்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மூன்று வீடுகளின் கதவைத் தட்டி, பெயரும் நம்பரும் வாங்கி, யார் வீட்டில் என்ன மருத்துவக் கருவி இருக்கிறது என்று கேட்டுவையுங்கள். உங்கள் மாநில மின் ஆணையத்தின் அடுத்த பொதுக் கூட்டம் எப்போது என்று பார்த்து, தேதியை எங்களுக்கு மடலில் எழுதுங்கள். எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ கேட்டியிலோ அந்தத் தேதியில் நம்மில் இரண்டு பேராவது போய் உட்காருவோம். புயல் வருவதற்குள் முதல் கூட்டத்தை முடித்துவிடலாம்.